கியர் கழன்று விழுகிறதா? பழைய ரேஸ் காருக்குப் பொருந்தும் கியர்பாக்ஸ் பாகம் தேடும் வழி

கடைக்குப் போய் "ஃபியட் 1100 கியர்பாக்ஸ் சாமான் இருக்குங்களா?" என்று கேட்டால், கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். சாமான் ஃபியட் சாமான்தான், விலையும் நியாயம்தான். பட்டறைக்கு வந்து ஷாஃப்ட்டில் ஏற்றும்போதுதான் ஏறாது. அல்லது ஏறிவிடும், பத்து கிலோமீட்டரில் ஊளையிடும். காரணம், உங்கள் காரில் இருப்பது ஃபியட் கியர்பாக்ஸ் இல்லை. வெளிக்கூடு ஃபியட். உள்ளே இருப்பது ஐம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர், ஒரு பந்தயத்துக்காக வெட்டி, அரைத்து, மாற்றிப் போட்டது.

இது தற்செயல் அல்ல. 1950களின் இறுதியில் இத்தாலியில் பிறந்த ஃபார்முலா ஜூனியர் விதியே அப்படித்தான் இருந்தது: எஞ்சின் சாதாரணக் காரின் எஞ்சின், கியர்பாக்ஸின் கூடும் சாதாரணக் காருடையது, உள்ளே பல் எண்ணிக்கையை மட்டும் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். ஃபியட் 1100-இன் 1089 சிசி எஞ்சின் அப்போது அந்தப் பந்தயங்களில் பேர் வாங்கியது. அதே எஞ்சினைத்தான் நாம் பிறகு பிரீமியர் பத்மினியாகப் பல வருடம் ஓட்டினோம். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓடிய நம் ஊர்க் கார்கள் பலவும் இதே வழியில் கட்டியவைதான். கோயமுத்தூரின் பந்தயக்காரர் எஸ். கரிவரதன் 1980களின் கடைசியில் ஃபார்முலா இந்தியா ஒற்றை இருக்கைக் காரைக் கட்டியபோது எடுத்துக்கொண்டதும் மாருதி 800-இன் எஞ்சினையும் கியர்பாக்ஸையும்தான். ஆகவே கூட்டின் பேரை வைத்துப் பாகம் தேடாதீர்கள். அளவை வைத்துத் தேடுங்கள். எந்த அளவை எடுக்க வேண்டும் என்பதைக் கோளாறே சொல்லிவிடும்.

கீழே ஒவ்வொரு கோளாறாக எழுதியிருக்கிறேன். உங்கள் கார் எதைச் செய்கிறதோ அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம். ஆனால் கியர் வாங்குவதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

பெட்டியைத் திறந்ததும்: மாடியூலா, டிபியா?

பற்களின் அளவைச் சொல்ல உலகத்தில் இரண்டு கணக்கு உண்டு. இத்தாலி, ஜெர்மனி, ஜப்பான் கார்களுக்கு மாடியூல், அதாவது ஒரு பல்லுக்கு எத்தனை மில்லிமீட்டர் விட்டம் என்ற கணக்கு. பழைய இங்கிலாந்து வழி வந்த அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்றவற்றில் டிபி, அதாவது ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பல் என்ற கணக்கு. டிபி 10 என்றால் மாடியூல் 2.54. மாடியூல் 2.5 பல்லையும் டிபி 10 பல்லையும் கையில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். இந்த 0.04-இல்தான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

நேர்ப்பல் கியர் ஜோடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 18 பல், மற்றதில் 33. கூட்டினால் 51. மாடியூல் 2.5 என்றால் இரண்டு ஷாஃப்ட்டுக்கும் இடைத்தூரம் 51 பெருக்கல் 2.5 வகுத்தல் 2, ஆக 63.75 மி.மீ. டிபி 10 என்றால் 64.77. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். கூடு ஒரே கூடுதான், அதன் துளைகள் நகராது. அப்படியிருக்க ஒரு ஜோடி இறுகிச் சூடாகும், மற்ற ஜோடி தளர்ந்து அடித்துக்கொள்ளும்.

வெளிவிட்டத்தை மட்டும் அளந்து முடிவுகட்டாதீர்கள். ரேஸ் கியர்களில் பல்லைப் பருமனாக்குவதற்காக வெட்டும்போதே வெளியே தள்ளி வெட்டியிருப்பார்கள். அப்போது வெளிவிட்டம் பொய் சொல்லும். பொய் சொல்லாத அளவு ஒன்று உண்டு. வெர்னியரின் தாடைகளால் நான்கு பற்களைச் சேர்த்துப் பிடித்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஐந்து பற்களைச் சேர்த்து அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 7.38 மி.மீ என்றால் மாடியூல் 2.5, இருபது டிகிரி பல் (பல்லின் பக்கச் சாய்வுக் கோணம்). 7.50 என்றால் டிபி 10, இருபது டிகிரி. 7.73 பக்கம் வந்தால் டிபி 10-லேயே பழைய பதினாலரை டிகிரி பல். பல் எவ்வளவு தள்ளி வெட்டப்பட்டிருந்தாலும் இந்த வித்தியாசம் மாறாது. தேய்ந்த இடத்தை விட்டு, பல்லின் இரு பக்கமும் தேயாமல் இருக்கும் ஓரத்தில் அளங்கள். மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள்.

நான் இதைக் கோயமுத்தூர் கணபதியில் ஒரு கியர் வெட்டும் பட்டறையில் கற்றுக்கொண்டேன். ஃபியட் பெட்டியில் இருந்து எடுத்த மூன்றாம் கியரைக் கொண்டுபோய், "அண்ணா, இதே மாதிரி மாடியூல் ரெண்டரையில ஒண்ணு வெட்டிக் குடுங்க" என்று நீட்டினேன். அவர் வெர்னியரைத் தொடவில்லை. கையில் வாங்கி, எண்ணெயை வேட்டி ஓரத்தில் துடைத்து, தம் ராக்கில் தொங்கிய ஒரு பழைய பம்ப் கியரைப் பக்கத்தில் வைத்துப் பல்லோடு பல் உருட்டினார். நாலு பல் வரை சேர்ந்து உருண்டது. அஞ்சாவது பல்லில் லேசாக ஏறி நின்றது. "இது மாடியூல் இல்லீங் தம்பி, டிபிங்க. ஆரோ அம்பாசடர் கட்டர்ல வெட்டியிருக்காங்க" என்றார். பிறகு வெர்னியரில் அளந்தோம். 7.49 வந்தது. அன்றைக்கு அவர் உருட்டிப் பார்க்காமல் வெட்டியிருந்தால் கியரும் போயிருக்கும், கூடும் போயிருக்கும்.

இன்னொன்று. பெரும்பாலான சாதாரணக் கார்ப் பெட்டிகளில் லே ஷாஃப்ட், அதாவது துணை ஷாஃப்ட்டின் கியர்கள் எல்லாம் ஒரே கட்டியாக இருக்கும். அதில் ஒரு பல் போனாலும் முழுக் கட்டியும் போனதாகத்தான் கணக்கு. மேல் கியரை மட்டும் புதிதாக வெட்டிப் பழைய கட்டியோடு சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால், பழைய பல்லின் தேய்மானத்தைப் பாருங்கள். நகத்தை வைத்து இழுத்தால் படி தட்டக் கூடாது. தட்டினால் ஜோடியாகத்தான் வெட்ட வேண்டும்.

ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் நியூட்ரலுக்கு விழுகிறது

இது வந்தால் முக்கால்வாசிப் பேர் நேராகக் கியரை வாங்கப் போகிறார்கள். பொறுங்கள். வெளியில் இருந்து உள்ளே வாருங்கள்.

முதலில் லீவர். பத்மினிப் பெட்டி பிறவியில் ஸ்டியரிங் தண்டில் கியர் மாற்றுவது. ரேஸ் காரில் அதைத் தரை லீவராக மாற்ற ஒரு நீளக் கம்பியும் இரண்டு மூட்டுகளும் போட்டிருப்பார்கள். எஞ்சின் ரப்பர் தளர்ந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது எஞ்சின் முன்னால் நகரும், கம்பி கியரைப் பிடித்து வெளியே இழுக்கும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி: எஞ்சினை நிறுத்திவிட்டு கியரைப் போடுங்கள், கம்பியைப் பெட்டியில் இருந்து கழற்றுங்கள், கழற்றிய பிறகு, கியரைத் தேர்ந்தெடுக்கும் செலக்டர் தண்டு இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். போனால் கியர் முழுதாக உட்காரவே இல்லை. கம்பியின் நீளத்தைச் சரிசெய்தால் போதும், ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது குண்டும் ஸ்பிரிங்கும். செலக்டர் தண்டில் உள்ள பள்ளத்தில் உட்காரும் அந்தச் சின்னக் குண்டு அரை நூற்றாண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்து தட்டையாகியிருக்கும். குண்டு எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். ஆனால் கால் அங்குலக் குண்டு 6.35 மி.மீ, 6 மி.மீ குண்டைப் போட்டால் துளையில் சாய்ந்து மாட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்குக்குக் கம்பியின் தடிமன், சுற்று, நீளம் மூன்றையும் கொடுத்தால் செய்துதருகிற பட்டறைகள் நம் பக்கம் இருக்கின்றன. இறுக்கமாக இருக்கட்டும் என்று நீளமான ஸ்பிரிங் போடாதீர்கள், ஃபோர்க் வளைந்துவிடும்.

அப்புறம் ஃபோர்க், அதாவது கியரைப் பூட்டும் ஸ்லீவ் வளையத்தை நகர்த்தும் கவை. ஸ்லீவின் பள்ளத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) விட்டுப் பாருங்கள். 0.3 மி.மீ-க்குள் இருந்தால் நான் தொடமாட்டேன். அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் மாற்றுவேன். ஃபோர்க் கிடைக்கவில்லை என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. தேய்ந்த முகத்தில் வெண்கலம் ஏற்றி மில்லிங்கில் எடுத்தால் புதிதைவிட நன்றாக ஓடும். பம்ப்செட்டுக்கு வெண்கல இம்பெல்லர் வார்த்துப் பழகிய ஊர் இது.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் டாக் பல்லை, அதாவது கியரின் பக்கவாட்டில் ஸ்லீவ் வந்து பூட்டிக்கொள்ளும் பற்களைப் பார்க்க வேண்டும். பல்லின் மூலை உருண்டிருந்தால் அது சுமை மாறும்போது வழுக்கும். பந்தயத்துக்கு வெட்டிய டாக் பற்கள் அடியில் குறுகலாகவும் நுனியில் அகலமாகவும் இரண்டு மூன்று டிகிரி சாய்த்து வெட்டப்பட்டிருக்கும்; சுமை ஏற ஏற ஒன்றையொன்று உள்ளே இழுத்துக்கொள்ள அந்தச் சாய்வு. தெரியாத லேத்தில் கொடுத்து "முகம் சுத்தம் பண்ணுங்க" என்று சொன்னால் அந்தச் சாய்வை நேராக்கிவிடுவார்கள், கோளாறு இரட்டிப்பாகும். ஹப்பும் ஸ்லீவும் ஒன்றாகவே வாங்குங்கள். ஒரு பெட்டியின் ஹப்பில் இன்னொரு பெட்டியின் ஸ்லீவ் நகரும், ஆனால் நிற்காது.

எல்லாக் கியரும் கழன்று விழுகிறது என்றால் பெட்டிக்குள் தேடாதீர்கள். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் யாரோ செய்த அடாப்டர் தட்டு இருக்கிறதா பாருங்கள். ஃப்ளைவீலில் டயல் கேஜைக் கட்டி, பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடும் கூடு) நடுத்துளையைச் சுற்றி ஓட்டுங்கள். முள் 0.15 மி.மீ-க்கு மேல் ஓடினால் ஷாஃப்ட் கோணலாகச் சுற்றுகிறது என்று பொருள். கிராங்க் முனையில் இருக்கும் பைலட் புஷ்ஷும் தேய்ந்திருக்கும். தட்டைச் சரிசெய்து, டோவல் பின் போட்டு நிறுத்துங்கள்.

கியர் மாற்றும்போது கறகறவென்று அரைக்கிறது

நின்ற காரில் கிளட்சை மிதித்து, ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் அரைத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை; பெட்டியைக் கழற்ற வேண்டாம். அரைக்காமல் கியர் ஏறினால் சிங்க்ரோவை, அதாவது கியர் மாறும்போது இரண்டு பாகத்தின் வேகத்தையும் ஒன்றாக்கும் வளையத்தைச் சந்தேகப்படலாம்.

ஃபியட் 1100 பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, பழைய அம்பாசடரிலும் கிடையாது. ஓடும் காரில் முதல் கியருக்கு இறங்கும்போது அரைப்பது கோளாறே இல்லை. கிளட்ச், நியூட்ரல், ஒரு தட்டு ஆக்சிலரேட்டர், மறுபடி கிளட்ச். இப்போதைய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துத்தான் வண்டியைக் கையில் கொடுக்க வேண்டும்.

சிங்க்ரோ வளையத்தைக் கோனில் அழுத்தி, வளையத்தின் பல்லுக்கும் கியரின் டாக் பல்லுக்கும் நடுவே இடைவெளி பாருங்கள். புதிதில் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அரைக்குக் கீழே போனால் வளையம் முடிந்தது. மாற்று வளையம் வாங்கும்போது கோனின் சாய்வும் பல் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் மட்டும் போதாது. வளையத்துக்குள்ளே மார்க்கிங் நீலம் தடவிக் கோனில் ஒரு சுற்றுத் திருகி எடுங்கள். நீலம் முழு அகலத்திலும் பட்டிருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் பட்டால் சாய்வு வேறு.

எண்ணெயை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல வளையங்களை எண்ணெயே கெடுக்கிறது. கடையில் "90 ஆயில்" கேட்டால் இப்போது பெரும்பாலும் ஜிஎல்-5 கொடுப்பார்கள். அது டிஃபரன்ஷியலுக்கு நல்ல எண்ணெய். பித்தளை, வெண்கல சிங்க்ரோ உள்ள பெட்டிக்கு அது வேண்டாம். வழுக்கல் அதிகமாகி வளையம் கோனைப் பிடிக்காது, அதில் இருக்கும் கந்தகச் சேர்க்கை சூட்டில் மஞ்சள் உலோகத்தை அரிக்கும். டப்பாவில் ஜிஎல்-4 என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஜிஎல்-5 ஊற்றிய பெட்டியில் எண்ணெயை மாற்றி நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த பிறகு பாகம் தேடினால் போதும். சில சமயம் தேடவே வேண்டியிருக்காது.

ஊளை, உறுமல், தட்டல்

சத்தத்தை எந்த நேரத்தில் கேட்கிறீர்கள் என்று எழுதிவையுங்கள். நியூட்ரலில் உறுமி, கிளட்சை மிதித்ததும் அடங்கினால் உள்ளே வரும் ஷாஃப்ட்டின் பேரிங் அல்லது லே ஷாஃப்ட் பேரிங். மிதிக்கும்போது மட்டும் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். ஃபியட், அம்பாசடர் போன்ற நீளவாட்டுப் பெட்டிகளில் நாலாம் கியர் நேரடி ஓட்டம். சுமை லே ஷாஃப்ட் வழியாகப் போகாது. அதனால் ஒன்று, இரண்டு, மூன்றில் ஊளையிட்டு நாலில் அமைதியானால் குற்றவாளி லே ஷாஃப்ட்தான். மாருதி போன்ற குறுக்குப் பெட்டியில் நேரடி ஓட்டமே இல்லை, அங்கே இந்தச் சோதனை செல்லாது. எல்லாக் கியரிலும், வேகத்தைப் பொறுத்து மட்டும் ஊளை ஏறி இறங்கினால் கிரவுன் பினியன், அதாவது சக்கர அச்சுக்குச் சுழற்சியைத் திருப்பிவிடும் கடைசிக் கியர் ஜோடி.

பேரிங்தான் இந்த வேலையிலேயே சுலபம், எண் தெரிந்தால். மெட்ரிக் பேரிங்கின் முகத்தில் எண் இருக்கும். 6305 என்றால் உலகம் முழுக்க 25, 62, 17 மி.மீ. சிக்கல் அங்குல பேரிங்கில்தான். ஓர் அங்குலத் துளை, இரண்டரை அங்குல வெளிவிட்டம், முக்கால் அங்குல அகலம் கொண்ட பேரிங் பழைய இங்கிலாந்துப் பெட்டிகளில் சாதாரணம். மில்லிமீட்டரில் 25.4, 63.5, 19.05. பார்வைக்கு 6305-ஐப் போலவே இருக்கும். ஷாஃப்ட்டை 25-க்குக் கடைந்து, கூட்டுக்குள் புஷ் அடித்து 6305-ஐ ஏற்றிவிட்ட பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓடும். ஆனால் கடைந்த ஷாஃப்ட் மெலிந்துபோனது மெலிந்ததுதான், திரும்ப வராது. அங்குல பேரிங்குகளை இன்றும் தயாரிக்கிறார்கள். பழைய பம்ப், மில் இயந்திரங்களுக்குத் தேவைப்படுவதால் நம் ஊர்ப் பேரிங் கடைகளில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருகிறார்கள். இரண்டு வாரம் காத்திருப்பது ஷாஃப்ட்டைக் கடைவதைவிட நல்லது.

கிரவுன் பினியன் விஷயத்தில் நான் ஒரு சீசனைத் தொலைத்தேன். வெளியூர்க் கடை ஒன்றில் பல் எண்ணிக்கை சரியாக இருக்கும் கிரவுனும் பினியனும் தனித்தனியாகக் கிடைத்தன. இரண்டும் புதுசு, இரண்டும் ஒரே கம்பெனி, "செட்டுதானுங்க" என்று உறுதியாகச் சொன்னார்கள். பூட்டி ஓட்டினேன். முதல் நாள் மெல்லிய விசில். மூன்றாம் நாள் செட்டிபாளையத்தில், கரி மோட்டார் ஸ்பீடுவேயில் இருபது சுற்று ஓட்டி வந்து எண்ணெய் இறக்கினால் வெள்ளி மினுமினுப்பு. திறந்து பார்த்தேன், பினியனின் நாலு பல்லில் தோல் உரிந்திருந்தது. அதற்கப்புறம்தான் முகத்தைத் துடைத்துப் பார்த்தேன். கிரவுனில் ஓர் எண் பொறித்திருந்தது, பினியனில் வேறோர் எண்.

கிரவுனையும் பினியனையும் ஆலையில் ஒன்றோடொன்று தேய்த்து ஜோடியாக்குகிறார்கள். ஒரே எண் இரண்டிலும் இருக்கும். எண் ஒத்துப்போகவில்லை என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பூட்டிய பிறகு பல்லில் மஞ்சள் மார்க்கிங் பேஸ்ட் தடவி, கிரவுனைக் கையால் தடுத்துக்கொண்டு பினியனைச் சுற்றுங்கள். தடம் பல்லின் நடுவில், கொஞ்சம் உள் முனைப் பக்கமாக விழ வேண்டும். பல்லின் அடியில் ஆழமாக விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே இருக்கிறது, ஷிம் தகட்டைக் குறையுங்கள். உச்சியில் விழுந்தால் பினியன் வெளியே இருக்கிறது. உள் முனையில் மட்டும் விழுந்தால் கிரவுனைத் தள்ளி வையுங்கள், வெளி முனையில் மட்டும் விழுந்தால் நெருக்கி வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம். பேக்லேஷையும், அதாவது பற்களுக்கு நடுவே உள்ள ஆட்டத்தையும், டயல் கேஜில் கூடவே பாருங்கள். நல்ல தடம் விழ எனக்கு ஆறு முறை கழற்றிப் பூட்ட வேண்டியிருந்தது, ஒரு நாள் முழுக்கப் போனது. அந்த ஒரு நாளுக்கு அவசரப்பட்டால் மறுபடி கிரவுன் பினியன் தேட ஒரு வருடம் ஆகும்.

முதல் கியர் போட்டால் கார் பின்னால் போகிறது

சிரிக்க வேண்டாம், இது நடக்கிறது. வோக்ஸ்வாகன் பீட்டில் கூட்டை வைத்துச் செய்த பெட்டிகளில் வரும். பீட்டிலில் எஞ்சின் அச்சுக்குப் பின்னால். ரேஸ் காரில் அதே பெட்டியைத் திருப்பி எஞ்சினை அச்சுக்கு முன்னால் வைத்தால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். நாலு ரிவர்ஸும் ஒரு முன்கியரும் கிடைக்கும். இங்கிலாந்தில் மைக் ஹியூலண்டு தம் ஆரம்பகாலப் பெட்டிகளுக்கு இந்தக் கூட்டைத்தான் தலைகீழாகக் கவிழ்த்து எடுத்துக்கொண்டார். கவிழ்த்தால் கிரவுன் தானாகவே மறுபக்கம் போய்விடும். கழற்றிப் பூட்டியவர் கிரவுனைப் பக்கம் மாற்றிவைத்துவிட்டாரா, கூட்டை நிமிர்த்திவைத்துவிட்டாரா என்று பாருங்கள். பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. கவிழ்த்த பெட்டிக்கு எண்ணெய் மட்டம் பார்க்கும் துளையும் காற்றுத் துளையும் இடம் மாறியிருக்க வேண்டும், அதையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டு கியர் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு வண்டி நகரவில்லை

செலக்டர் தண்டுகளுக்கு நடுவில் இருக்கும் இன்டர்லாக் பின் காணவில்லை. யாரோ பெட்டியைக் கழற்றியபோது எண்ணெயோடு தட்டில் விழுந்து போயிருக்கும். வெள்ளி எஃகுக் கம்பியில் அளவாக வெட்டி, இரு முனையையும் உருட்டிப் போடலாம். அரை மணி நேர வேலை.

எஞ்சின் கத்துகிறது, கார் ஓடவில்லை. அல்லது கடைசி கியர் இழுக்கவே இல்லை

கிளட்ச் வழுக்கவில்லை என்று உறுதியானால் இது கோளாறில்லை, கணக்கு. நேரடி நாலாம் கியரில், நிமிடத்துக்கு எத்தனை எஞ்சின் சுற்று என்பதைக் கடைசி விகிதத்தால் (கிரவுன் பினியனின் பல் விகிதம்) வகுத்து, டயர் சுற்றளவால் பெருக்கி, அறுபதால் பெருக்கினால் மணிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 6500 சுற்று, நாலாம் கியர் நேரடி, கடைசி விகிதம் 4.3, டயர் சுற்றளவு 1.76 மீட்டர் என்றால் மணிக்குச் சுமார் 160 கி.மீ. அங்கே பந்தயம் நடந்த காலத்தில் சோழவரத்தின் நீள ஓடுதளத்துக்கு அது சரியாக இருந்தது. செட்டிபாளையத்தின் குட்டை நேர்ப்பாதைகளில் நாலாம் கியர் மூச்சு விடுவதற்குள் வளைவு வந்துவிடும். அங்கே ஓட்டப்போகிறீர்கள் என்றால் பல் குறைந்த பினியன் உள்ள செட் வேண்டும், அல்லது சின்ன டயர். டயரை மாற்றுவது மலிவு, பழைய கிரவுன் பினியனும் பத்திரமாக இருக்கும். நான் முதலில் டயரைத்தான் மாற்றச் சொல்வேன்.

கிளட்ச் பிளேட் ஷாஃப்ட்டில் ஏறவில்லை, அல்லது ஏறி ஆடுகிறது

ஸ்பிளைன் (ஷாஃப்ட்டில் நீளவாட்டில் வெட்டிய வரிப்பல்) எண்ணிக்கை, வெளிவிட்டம், அடிவிட்டம். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒரே எண்ணிக்கை கொண்ட அங்குல ஸ்பிளைனும் மெட்ரிக் ஸ்பிளைனும் உண்டு. கிளட்ச் ரிப்பேர் செய்கிற கடையில் உங்கள் ஷாஃப்ட்டுக்குப் பொருந்தும் ஹப்பை எடுத்து, உங்கள் பிரஷர் பிளேட்டுக்குப் பொருந்தும் தட்டில் ரிவிட் அடித்துத் தருவார்கள். லாரி வேலை நடக்கும் சங்ககிரி, நாமக்கல் பக்கம் இதில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஷாஃப்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள், படம் காட்டினால் போதாது.

முழுப் பெட்டியே மாற்று தேடுகிறவர்களுக்கு ஒரு வழி. மாருதி 800-இல் முதலில் நாலு கியர், 2000-இல் வந்த 12 வால்வு வண்டியில் ஐந்து கியர். எது உங்கள் எஞ்சினில் உட்காரும் என்று வாய்வார்த்தையில் தீர்மானிக்காதீர்கள். தடித்த அட்டை ஒன்றை எஞ்சின் முகத்தில் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரங்களிலும் துளைகளிலும் மெல்லத் தட்டினால் அச்சு அப்படியே விழும், பேக்கிங் வெட்டுகிற மாதிரி. அந்த அட்டையைச் சுருட்டாமல் கொண்டுபோய், கோயமுத்தூர் உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ பெட்டியின் முகத்தில் வைத்துப் பாருங்கள். டோவல் துளை உட்பட எல்லாம் சேர்ந்தால் வாங்குங்கள். பழைய பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, கோணியில் சுற்றி, எந்தக் காருடையது என்று எழுதி வையுங்கள். அதுதான் அந்தக் காரின் அடையாளம்.

கியர் எங்கேயும் கிடைக்கவில்லை, புதிதாக வெட்ட வேண்டும்

வரைபடம், பல் கணக்கு, மேலே சொன்ன நாலு பல் ஐந்து பல் அளவு ஆகியவற்றோடு போங்கள். இரும்புக்கு இஎன் 36 அல்லது 20எம்என்சிஆர்5 கேளுங்கள், கம்பியோடு சோதனைச் சான்றும் கேளுங்கள். வெட்டிய பிறகு கார்பன் ஏற்றிக் கடினமாக்க வேண்டும். மேல்தோலின் கடினம் 58 முதல் 62 ஹெச்ஆர்சி, உள்ளே மிருதுவாக. சூட்டில் துளையும் பல்லும் கொஞ்சம் கோணும், அதற்காகத் துளையில் பிறகு அரைத்தெடுக்கக் கொஞ்சம் மிச்சம் வைத்து வெட்டச் சொல்லுங்கள், கடைசியில் கிரைண்டிங். எல்லாம் கடினமாகிவிட்டது என்று சொல்லிக்கொடுத்த கியரில் ஒரு பழைய அரத்தை உரசுங்கள். அரம் வழுக்க வேண்டும், கடிக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் கோயமுத்தூர் சிட்டார்க் போன்ற சோதனைக்கூடத்தில் கொடுத்து எண் வாங்கிவிடலாம். வெட்டும்போது இரண்டு செட்டாக வெட்டுங்கள். கட்டர் ஏற்றிச் சரிசெய்வதில்தான் செலவு, இரண்டாவது செட்டுக்கு அவ்வளவு ஆகாது.

கூட்டில் விரிசல், எண்ணெய் கசிவு

சீல் கசிவென்றால் ஷாஃப்ட்டின் விட்டம், கூட்டுத் துளை, அகலம் மூன்றும் சொல்லி வாங்குங்கள்; காற்றுத் துளை அடைத்திருந்தால் எந்த சீலும் நிற்காது, முதலில் அதை ஊதுங்கள். விரிசல் வேறு விஷயம். வெல்டிங்குக்குக் கொடுக்கும் முன் அது அலுமினியமா, மெக்னீசியமா என்று தெரிய வேண்டும். பீட்டில் கூடு மெக்னீசியக் கலவை, பல ரேஸ் பெட்டிகளும் அப்படியே. வெளியில் தெரியாத ஓர் இடத்தில் அரத்தால் லேசாக உரசி, எலுமிச்சம்பழச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். உடனே பொங்கி நுரைத்தால் மெக்னீசியம். அலுமினியம் சும்மா இருக்கும். சொட்டை உடனே துடைத்து எண்ணெய் தடவிவிடுங்கள்.

மெக்னீசியத்தின் அரத்தூளும் கிரைண்டர் தூளும் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ இன்னும் பொங்கும். காய்ந்த மணலை வாளியில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிக் வெல்டிங் செய்பவரிடம் "அண்ணா, இது மெக்னீசியம், அதுக்கான ராடு இருக்குங்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அலுமினிய ராடில் அடித்த ஒட்டு குளிர்ந்ததும் பக்கத்திலேயே வெடிக்கும். விரிசலின் இரண்டு முனையிலும் 3 மி.மீ துளை போட்டு நிறுத்தி, கூட்டைச் சீராகச் சூடாக்கி, பேரிங் இடங்களுக்குள் பழைய ஷாஃப்ட்டையும் பேரிங்கையும் பூட்டிவைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். ஆறிய பிறகு இடைத்தூரத்தை மறுபடி அளங்கள். 63.75 இருந்த இடத்தில் 63.75 இருந்தால் கியரை ஏற்றலாம்.